அறுப்பின் பண்டிகையில் ஏலம் போன கப்பல்

அந்தக் கப்பலின் அட்டைகளை நான் வெட்டிய கத்தி, அதற்கு முன் பல வருஷம் மனித உடம்பில் வேலை செய்த கத்தி. கட்டி கீறவும் கிழிந்த தசையை ஒழுங்குபடுத்தவும் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தது. சாணை பிடித்துப் பிடித்துத் தேய்ந்துபோனதால், இனி உடம்புக்கு ஆகாது என்று வெள்ளைக்கார டாக்டர் துரை தள்ளிவைத்தார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவில், ரோட்டை விட்டுச் சற்று உள்ளே, மிஷன்காரர்கள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. நான் அங்கே டிரசர். காயம் கழுவி மருந்து வைத்துக் கட்டுவது என் வேலை. துரை இல்லாத நாட்களில் தையலும் நானே போடுவேன். வருகிறவர்களில் பாதிப்பேர் பனையிலிருந்து விழுந்தவர்கள், பாதிப்பேர் வெட்டுப்பட்டவர்கள். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் இடுப்பில் வெட்டுக்கத்தி இல்லாமல் நடக்கமாட்டார்கள். தேங்காய் வெட்டவும் மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியின் கம்பு நறுக்கவும் வைத்திருப்பதுதான். ஆனால் வேலி ஒரு முழம் நகர்ந்தாலோ, ஒருவன் மாடு இன்னொருவன் வாழையைக் கடித்தாலோ, கல்யாண வீட்டில் கறியை யாருக்கு முதலில் விளம்பினார்கள் என்று பேச்சு வந்தாலோ அதே கத்தி வேறு வேலைக்குப் போய்விடும். தொங்குகிற காதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தவனை நான் பார்த்திருக்கிறேன். வெட்டினவனும் காயப்பட்டுத் திண்டாட, வெட்டுப்பட்டவனே அவனைத் தாங்கிக் கூட்டிவந்ததும் உண்டு.

கப்பல் எனக்கு வந்தது துரையின் மனைவியான துரையம்மாவிடமிருந்து. அவர்களுடைய ஒரே மகனைப் படிப்புக்காகக் கொழும்பில் கப்பலேற்றிச் சொந்த ஊரான சீமைக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிய வாரம். பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்த பெட்டி, அவன் போன பிறகு வந்து சேர்ந்தது. அம்மா அதை மேசைமேல் வைத்து, பிரிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு புத்தகத் தமிழில், "இதை எடுத்துக்கொண்டு போய்விடும். என் கண்ணுக்கு முன் இருக்க வேண்டாம்" என்றார்கள். நான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நீளமான மரப்பெட்டி. உள்ளே தடித்த அட்டைத் தாள்களில் ஒரு நீராவிக் கப்பல் முழுவதும் துண்டு துண்டாக அச்சாகியிருந்தது. கறுத்த பக்கங்கள், வட்டச் சாளரங்கள், மேல்தளத்துப் பலகைக் கோடுகள், சிவந்த அடிப்பாகம், இரண்டு புகைக்குழாய்கள். முதுகெலும்பு போல அடியில் ஓடும் கட்டைக்கும் அதில் குறுக்கே நிறுத்தும் விலாக்களுக்கும் மெல்லிய மரம் அறுத்து வைத்திருந்தார்கள். கொடிமரங்களுக்குக் குச்சியும் கயிறுகளுக்கு நூலும் தனியாக இருந்தன. அசல் கப்பலில் இருநூறில் ஒரு பங்கு என்று விளக்கத் தாள் சொன்னது. மருந்துக் குப்பியின் சீட்டு வாசிக்கும் அளவுக்கு இங்கிலீஷ் தெரிந்தவன் நான். மீதியைப் படம் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

மழைக்காலம் முழுக்க அதோடு போராடினேன். அட்டை ஈரம் குடித்து வளைந்தது. காலையில் நேராக ஒட்டிய பக்கம் மாலையில் பலாக்கொட்டைத் தொலி போல் சுருண்டு நிற்கும். மரச்சீனி மாவு காய்ச்சி என் மனைவி கொடுத்த பசையைக் கரப்பான் தின்றது. பசையோடு அட்டையையும் தின்றது. அப்புறம் பூச்சி அண்டாமலிருக்கப் பசையில் துரிசு என்னும் மயில்துத்தம் கலந்தேன். மடிக்கிற கோட்டைக் கத்தியின் முதுகால் கீறிவிட்டு மடித்தால் ஓரம் வெடிக்காது, புகைக்குழாயைப் பென்சிலில் உருட்டினால் வட்டம் சரியாக வரும் என்பதெல்லாம் கெடுத்துக் கெடுத்துத்தான் கைவந்தது.

என் மனைவி கோட்டுகாலில் பிறந்தவள். தெற்கே போகிற கப்பல்களைக் கரையிலிருந்து பார்த்து வளர்ந்தவள். சிவந்த அடிப்பாகத்தை நான் ஒட்டியபோது கிட்டே வந்து குனிந்தாள்.

"இது என்னத்துக்கு அடியில மட்டும் சிவப்பு?"

"வெள்ளத்துக்க உள்ள கிடக்கப்பட்ட பாகம் ஆக்கும் இது." எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர்.

"நான் கண்ட கப்பலுக்கெல்லாம் மேல்பாதிதான் உண்டு. கீழ்ப்பாதிய இப்பந்தான் காணுதேன்" என்று சிரித்தாள்.

அதற்கும் முன்பு, விலாக்களை நிறுத்த வேண்டிய நாளில்தான் ஒரு பனையேறியைக் கொண்டுவந்தார்கள். பாளை சீவுகிற அரிவாளால் சொந்தச் சித்தப்பன் மகனே அவன் நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துவிட்டிருந்தான். காயத்தில் சுற்றியிருந்த துவர்த்துத் துண்டை விலக்கியபோது எலும்பு தெரிந்தது. எலும்புக்கு நடுவில் குமிழி வந்து வந்து உடைந்தது. துரையும் நானும் செய்ததெல்லாம் வீணாகி, உச்சி சாய்வதற்குள் அவன் போய்விட்டான். அன்று வீட்டுக்கு வந்து கப்பலின் விலாக்களைக் கையில் எடுத்தேன். எடுத்ததை அப்படியே பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். அந்த வாரம் முழுக்க நான் அதைத் தொடவில்லை.

கப்பல் முடிந்தபோது அறுப்பின் பண்டிகை நெருங்கியிருந்தது. விளைந்ததில் முதலானதை எல்லோரும் எங்கள் வேதக்கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் நடக்கும். வாழைக்குலை, மரச்சீனி, சேனை, பூசணி, கோழி எல்லாம் ஏலத்துக்கு வரும். எனக்கு நிலம் கிடையாது. என் கையில் விளைந்தது இந்தக் கப்பல்தான். கொடுக்கலாமா என்று உபதேசியாரிடம் கேட்டேன். கோயிலில் பிரசங்கமும் பண்டிகை ஏற்பாடும் அவர் பொறுப்பு. வீட்டுக்கு வந்து பார்த்தவர், "கொண்டு வாரும். பிள்ளைகளுக்கு ஒரு காட்சியா இருக்கட்டு" என்றார்.

இதற்குள் கப்பலைப் பற்றிப் பேச்சு பரவியிருந்தது. எங்கள் சபையில் இரண்டு பெரிய கைகள். ஒருவர் கொப்பரை வியாபாரி. மற்றவர் ரோடு போடுகிற கண்டிராக்டர், வீடு உதியன்குளங்கரையில். வியாபாரியின் அக்காவைத்தான் கண்டிராக்டர் கட்டியிருந்தார். அக்காவின் பங்காக வரவேண்டிய தென்னந்தோப்பை வியாபாரி விட்டுக்கொடுக்கவில்லை என்பதில் தொடங்கி, இரண்டு வீட்டுக்கும் பல வருஷப் பகை. ஒருவர் வைக்கோல்போர் எரிந்தால் அடுத்த வாரம் மற்றவர் காளைக்கு வால் இருக்காது. இரண்டு பக்கத்து வேலைக்காரர்களின் மண்டையையும் நான் தைத்திருக்கிறேன்.

முதுகில் ராஜபிளவை வந்து வியாபாரி ஒருநாள் என்னிடம் குப்புறப் படுத்திருந்தார். நான் கீறிச் சீழை எடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓய் டிரசரே, அந்தக் கப்பல எனக்கிட்ட தாரும். கோயிலுக்கு வேற என்னமும் குடுக்கலாம்" என்றார்.

"உபதேசியாரிட்ட சொல்லியாச்சு, முதலாளி. ஏலத்துல எடுத்துக்கிடுங்க."

"எடுப்பேன். எனக்கு எதிரா ஆரு கேக்கதுண்ணு பாக்கேன்."

பண்டிகையன்று காலை, கப்பலைப் பலா மரத்தில் நான் செதுக்கிய பீடத்தில் நிறுத்தி மாமரத்தடி மேசைமேல் வைத்தேன். கூட்டம் அதைச் சுற்றி நின்றது. வெயிலில் வார்னிஷ் மின்னியது. தளத்தின் ஓரத்துக் கம்பிகளைக்கூட நூலில் கட்டியிருந்தேன். ஒரு கிழவர் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து, "ஆளு ஒருத்தனையும் காணல்லியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று அங்கே கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

கப்பலைக் கடைசியில்தான் ஏலத்துக்கு எடுத்தார் உபதேசியார். வியாபாரி ஒரு விலை சொன்னார். கண்டிராக்டர் பின்னாலிருந்து கூட்டிச் சொன்னார். மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். ஒரு ஏர் மாட்டின் விலையைத் தாண்டியபோது உபதேசியார் கையைத் தூக்கி, "போதும், தேவனுக்க காரியம், பிடிவாதம் வேண்டாம்" என்று கெஞ்சினார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் வியாபாரி காறித் துப்பிவிட்டு நிறுத்தினார். கப்பல் கண்டிராக்டருக்கு விழுந்தது.

அவர் வந்து பீடத்தோடு அதைத் தூக்கினார். வியாபாரி வழியை மறித்து நின்றார்.

"அத்தான், கப்பல் வாங்குனா போருமா? ஓட்டதுக்கு வெள்ளம் வேண்டாமா? எனக்க அப்பனுக்க தோப்பு நடுவுல குளம் வெட்டி விடப்போறீரா?"

"உனக்க அப்பன் எனக்கு எழுதித் தந்த தோப்புல நான் குளமும் வெட்டுவேன், உனக்குக் குழியும் வெட்டுவேன். மாறுலே."

வியாபாரி கப்பலின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். மற்றவர் விடவில்லை. என் கண்ணெதிரே அட்டை கிழிந்தது. முதலில் ஒரு கொடிமரம் முறிந்தது, பிறகு புகைக்குழாய்கள் நசுங்கின, கறுத்த பக்கம் மேலிருந்து கீழ்வரை திறந்து உள்ளே விலாக்கள் தெரிந்தன. நான் "ஐயோ, விடுங்க!" என்று கத்தினேன் போலிருக்கிறது. கண்டிராக்டர் கையில் மிஞ்சியது பீடம் மட்டும். அதைச் சுழற்றி மைத்துனனின் வாயில் ஓர் அடி அடித்தார். பலாக்கட்டை பல்லில் விழும் சத்தம் கோயில் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

அதன் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. காணிக்கையாக வந்த சேனையும் தேங்காயும் கல்லாகப் பறந்தன. வாழைக்குலைத் தண்டால் ஒருவன் உபதேசியாரின் முதுகிலேயே போட்டான். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கோயிலுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார்கள். யாரோ மணியடித்தார்கள், மணிச்சத்தம் கேட்டு ரோட்டில் போனவர்களும் உள்ளே ஓடிவந்து, எந்தப் பக்கம் என்று தெரியாமலே அடித்தார்கள். வியாபாரியின் கிடங்கில் தேங்காய் வெட்டுகிற தடியன் இடுப்பிலிருந்து கத்தியை உருவினான். கண்டிராக்டர் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். கத்தி முழங்கைக்குக் கீழே எலும்புவரை இறங்கியது.

அவர் விழுந்ததும் அவருடைய மனைவி கோயில் கதவைத் திறந்துகொண்டு வந்து புருஷன்மேல் குப்புற விழுந்து மறைத்தாள். வெட்டினவன் ஓங்கிய கையோடு நின்றுவிட்டான். ஆனால் வாயெல்லாம் இரத்தமாக வந்த அவளுடைய சொந்தத் தம்பி, அவளை விலாவில் உதைத்தார். ஒருமுறை அல்ல. அவள் எழுந்திருக்கவுமில்லை, அழவுமில்லை.

நான் துவர்த்தைக் கிழித்துக் கண்டிராக்டரின் மேல்கையில் இறுக்கி, குச்சி வைத்து முறுக்கினேன். நாலைந்து பேர் அவரை ஒரு வாழையிலைக் கட்டுபோலத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அவருடைய மனைவி விலாவைப் பிடித்தபடி பின்னாலேயே வந்தாள். துரை அன்று வேறு ஊர்ப் பண்டிகைக்குப் போயிருந்தார். ஆளனுப்பிவிட்டு நானே இரத்தக் குழாயைத் தேடிப் பிடித்துக் கட்டினேன். தசையைத் தைத்தேன். தூக்கி வந்தவர்கள் மெல்ல நழுவிப்போனார்கள். உள்ளே நோயாளியும், அவர் மனைவியும், வெந்நீரில் கருவிகளைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்த என் மனைவியும், நானும்தான்.

வெயில் சாய்கிற நேரத்தில் முற்றத்தில் காலடி கேட்டது. வியாபாரியும் அந்தத் தடியனும் இன்னும் இரண்டு பேரும். நான் வாசல்நிலையில் போய் நின்றேன்.

வியாபாரியின் மேல்வரிசைப் பல் போய்விட்டிருந்தது. வார்த்தை காற்றாக வந்தது. "மாறும் டிரசரே. உமக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல."

"இது ஆசுத்திரி, முதலாளி. உள்ள வந்தா நீங்களும் படுக்கணும், மருந்து வைக்கேன். இல்லண்ணா போங்க."

தடியன் ஒரு எட்டு முன்னால் வந்தான். என்னைத் தாண்டக் கத்தியை வீசினான். நான் இடதுகையால் பிடித்தேன். தடுத்தேன் என்று சொல்வதுதான் சரி. ஆனால் கத்தியின் தகடு உள்ளங்கையில் இறங்கியதும் விரல்கள் தாமாகவே அதை மூடிக்கொண்டன. வலி தெரியவில்லை. சூடாக முழங்கைவரை வழிந்ததுதான் தெரிந்தது.

என் பின்னாலிருந்து கண்டிராக்டரின் மனைவி முன்னால் வந்தாள். உள்ளேயிருந்த மருந்து இடிக்கிற உலக்கை அவள் கையில் இருந்தது.

"எலே, வா. விலாவுல சவுட்டுனது போராதா உனக்கு? என்ன வெட்டிப் போட்டுட்டு உள்ள போ."

தம்பி ஒரு கணம் தயங்கினார். தடியன் தயங்கவில்லை, அவளைத் தோளில் தள்ளிவிட்டுக் கால் எடுத்து வைத்தான். அப்போதுதான் என் மனைவி கருவிகள் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தைப் பழந்துணியால் பிடித்துத் தூக்கி வந்து, அப்படியே அவன் நெஞ்சில் கொட்டினாள். கத்தரிகளும் இடுக்கிகளும் அவன்மேல் விழுந்து தரையில் சிதறின. அவன் போட்ட அலறல் ரோடுவரை கேட்டிருக்கும். "வெள்ளம்! வெள்ளம்!" என்று கத்திக்கொண்டு முற்றத்தில் உருண்டான். கூட வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். வியாபாரி ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, உடைந்த வாயைப் பொத்திக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் அழத் தொடங்கினார்.

"இஞ்சேருங்க, கையக் காட்டுங்க" என்றாள் என் மனைவி. ஊசியில் நூலைக் கோத்தாள். 

என் ஒரு கையால் என்னையே தைக்க முடியாது. அவள்தான் தைத்தாள். துணி தைக்கிறதுபோல் ஓட்டாதே, ஒவ்வொரு தையலாக முடிச்சுப் போட்டு வெட்டு என்று நான் பல்லைக் கடித்தபடி சொல்லிக்கொடுத்தேன். கண்டிராக்டரின் மனைவி விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு மூன்று பேருமாக அந்தத் தடியனைத் தூக்கி வந்து, வெந்த தோலில் எண்ணெயும் சுண்ணாம்புத் தெளிவும் கலந்து பூசினோம். அவன் வெட்டின கண்டிராக்டரின் பக்கத்துக் கட்டிலிலேயே அவனைப் படுக்கவைத்தோம். வேறு கட்டில் இல்லை.

நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வழக்கு நடந்தது. அதற்குள் இரண்டு பெரிய மனிதர்களுக்கும் ஜெயில் பயம் வந்துவிட்டது. பகையை விழுங்கிவிட்டு ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டார்கள். சாட்சி சொல்லப் போனவர்கள் எல்லோரும், நெரிசலில் கத்தி தானாகப் பட்டதாகச் சொன்னார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் நடந்தது தவிர மற்றதை நான் தெளிவாகப் பார்த்திருக்க முடியாது என்று அவர்களுடைய வக்கீல் கிழித்தெறிந்தார். கண்டிராக்டரின் மனைவி ஒருத்திதான் கூண்டில் ஏறி முழுவதையும் சொன்னாள். "முதல்ல அடிச்சது எனக்க மாப்பிள்ள. என்னச் சவுட்டுனது எனக்க தம்பி. வெட்டுனது அவன்" என்று மூன்று பேரையும் விரல் நீட்டிக் காட்டினாள். தடியனுக்குத் தண்டனை கிடைத்தது. மற்ற இருவரும் அபராதத்தோடு தப்பினார்கள். அவளுக்கு அன்றோடு இரண்டு வீட்டுக் கதவும் அடைபட்டது.

சபைக் கமிட்டி கூடி வேறொரு குற்றவாளியைக் கண்டுபிடித்தது. விளையாட்டுச் சாமானைத் தேவனுடைய முற்றத்துக்குள் கொண்டுவந்து சகோதரருக்குள் கலகம் உண்டாக்கியவன் நான்தானாம். அடுத்த பண்டிகைவரை கோயிலில் அப்பமும் ரசமும் பெறுகிற இராப்போஜனம் எனக்குக் கிடையாது என்றார்கள். முதுகில் அடிவாங்கிய உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டு அதை வாசித்தார். எனக்கு வந்த கோபத்தில், என் இடதுகை சரியாக மூடியிருந்தால் அன்று நானும் யாரையாவது அடித்திருப்பேன். நடு விரலும் மோதிர விரலும் மடங்காமல் நின்றுவிட்டன. இன்றும் அப்படித்தான்.

டாக்டர் துரை என்னைக் கடலோர ஊரான பூவாற்றில் இருந்த கிளை மருந்துச்சாலைக்கு மாற்றினார். கண்டிராக்டரின் மனைவியும் எங்களோடு வந்தாள். போக வேறு இடம் அவளுக்கு இல்லை. நோயாளிகளை வரிசைப்படுத்திக் கூப்பிடுவது, கட்டுத்துணி அவிப்பது என்று வேலை கொடுத்தோம். என்னைவிட அவளுக்குத்தான் கூட்டம் பயந்தது.

அங்கே போய்ச் சேர்ந்தபின் கொழும்பு வியாபாரி ஒருவர் மூலம் இன்னொரு பெட்டி வரவழைத்தேன். இந்தமுறை பாய்க்கப்பல். மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு நூல் கட்டுவது நரக வேதனை. நான் பசை தடவ, என் மனைவி பிடித்துக்கொள்ள, கண்டிராக்டரின் மனைவி நூலை முடிச்சிட, ஆமைபோல வேலை நகர்ந்தது. கோபம் வந்தால் நான் கையிலிருப்பதைச் சுவரில் எறிவேன். இரண்டு விலாக்களை அப்படி முறித்தேன். இரண்டு பெண்களும் பொறுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். நான் மறுபடி வெட்டுவேன்.

பாய்கள் ஏற்றுகிற கட்டத்தில் ஒருநாள் காலை கண்டிராக்டரும் வியாபாரியும் சேர்ந்தே வந்தார்கள். மருந்துச்சாலை வாசலில் கடற்கரைக்காரர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். கண்டிராக்டரின் வெட்டுப்பட்ட கை சூம்பிப் பக்கத்தில் தொங்கியது. மற்ற கையால் மனைவியைக் கூப்பிட்டார்.

"வா, வீட்டுக்குப் போவோம். நடந்தது நடந்து போச்சு."

"நான் வாறேல்ல."

"மச்சினனும் நானும் ஒண்ணாயாச்சு. பின்ன உனக்கு என்ன பிடிவாதம்?"

"நீங்க ரெண்டுபேரும் ஒண்ணானது எனக்கு எதிரா ஆக்கும். அது எனக்குத் தெரியும்."

அவர் அத்தனை பேருக்கு முன்னால் அவளைக் கன்னத்தில் அறைந்தார். நான் எழுவதற்குள் அவள் திருப்பி அறைந்தாள். நல்ல பெரிய அறை. அவர் தடுமாறி அவள் தம்பியின்மேல் சாய்ந்தார். தம்பி கையை ஓங்கினார். வரிசையில் இருந்த நாலு கடல்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஓங்கிய கை மெல்ல இறங்கியது. இரண்டு பேரும் வந்த வழியே, ஆற்றோரமாக நடந்து போனார்கள்.

அவள் கன்னம் சிவந்து வீங்கிக்கொண்டு வந்தது. மருந்து வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வரிசைப் பக்கம் திரும்பினாள்.

"அடுத்தது ஆரு? பிள்ளைய எடுத்துக்கிட்டு உள்ள வா, மக்கா."